கச்சேரியில் உட்கார்ந்தாலும் காது வேலைக்குப் போய்விடுகிறது

பெரம்பூர் அச்சுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் படித்தவன் அல்லன். நீங்கள் எல்லோரும் ராகங்களைப் பற்றி எழுதுவதை ஓரமாக உட்கார்ந்து படிப்பதோடு சரி. இன்று முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இருந்த அச்சகத்தில் ட்ரெடில் மிதித்துத் தொழில் கற்றேன். பிறகு சிலிண்டர் மெஷின், அதன் பிறகு ஆப்செட். இந்தத் தொழிலில் கண்ணுக்கு முன்னால் காது பார்த்துவிடும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் சத்தம் கனத்துக் கேட்கும். உருளையில் மை அதிகமானால் சீறும். தாளைப் பிடிக்கும் கிரிப்பர் தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’ கூடுதலாக வரும். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அந்த ‘டிக்’கைக் கேட்டுவிட்டு டம்ளரோடு உள்ளே ஓடியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை ஆயிரம் ஓடிய பிறகு மாப்பிள்ளை பெயரில் கோடு விழுந்திருப்பது தெரிந்தால் என்ன ஆகும் என்பது அச்சுக்காரனுக்குத்தான் தெரியும்.

அப்படிப் பழகிய காது, ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறவில்லை. மார்கழியில் 29சி பஸ் ஏறி லஸ்ஸில் இறங்கி, சபாக்களின் மதிய நேர இலவசக் கச்சேரிகளுக்குப் போகிறேன். இளம் பிள்ளைகள் பாடுவார்கள். அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். வசதியாகச் சாய்ந்துகொண்டு கேட்கலாம் என்று உட்கார்ந்தால், என் காது ஏ.சி. பெட்டியின் பேரிங் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறது. ஒலிபெருக்கியின் உறுமலைப் பிடிக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், சுருதி சற்று இறங்கியிருக்கிறதே, இந்தப் பையன் எப்போது சுத்தியலை எடுப்பான் என்று காத்திருக்கிறது. பாட்டு முடிந்து பக்கத்தில் இருப்பவர் “ஆஹா” என்கிறார். எனக்கோ ஒரு ஷிப்டு முடித்து நேரம் குறித்துவிட்டு வெளியே வந்தது போல் இருக்கிறது.

சரி, சத்தமே வேண்டாம், அமைதியாக உட்காருவோம் என்று மகள் சொன்ன தியான வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடி உள்ளே கவனியுங்கள் என்றார்கள். கவனித்தேன். வலது காதில் ஒரு விசில். மெல்லிய, ஓயாத விசில். பகலில் தெருச் சத்தத்தில் அமுங்கிக் கிடப்பது, அந்த அறை அமைதியானதும் மேடை ஏறிவிட்டது. சொல்லிக்கொடுத்த தம்பி “எண்ணங்களை விட்டுவிடுங்கள் ஐயா” என்றார். எண்ணம் இருந்தால் அல்லவா விடுவதற்கு!

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று, கூட்டத்தில் நெருக்கப்பட்டுக் கோபுரத்தின் பக்கம் ஒதுங்கி நின்றேன். சுவாமி புறப்பட்டபோது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசித்தார்கள். தவில் இரண்டு. என் காது அன்று எந்தப் பழுதையும் தேடவில்லை. கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த மோர்ப் பந்தல்காரர் வெயில் என்று நினைத்து இரண்டாவது டம்ளர் கொடுத்தார்.

அந்த நிலை எனக்கு அடிக்கடி வேண்டும். வழி உண்டா? 29சி போகும் வழியில் செலவில்லாமல் உட்கார்ந்து கேட்க, அல்லது சும்மா உட்கார, நல்ல இடங்கள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

---

ஒன்றரைக் கட்டை எழுதியது:

ஐயா, எதற்கு இவ்வளவு யோசனை? ஒரு டிரான்சிஸ்டர் வாங்குங்கள். காலையில் வானொலியில் மங்கல இசை என்று நாகஸ்வரம் வைப்பார்கள். சென்னை நிலையம் 1938இலிருந்து ஒலிபரப்புகிறது. என் தாத்தா கேட்டார், அப்பா கேட்டார், நான் கேட்கிறேன். யாரும் தியான வகுப்புக்குப் போகவில்லை. சபா நாற்காலியில் மூட்டைப்பூச்சி வேறு.

---

காதும் கருவியும் எழுதியது:

அச்சுக்காரர் ஐயாவுக்கு வணக்கம். நான் செவியியல் துறையில் வேலை செய்கிறேன். சங்கீதத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அந்த விசிலைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும்.

நீங்கள் தியானத்தில் தோற்கவில்லை. உங்களுக்கு இருப்பது காதிரைச்சல். பெரிய இயந்திரச் சத்தத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு இது மிகவும் சாதாரணம். தினம் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தால் காதுக்கு ஆபத்து என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் தெரியும். பேச்சு புரியும், பாட்டு கேட்கும், ஆனால் ‘ச’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. விசில் கேட்பதற்கு இப்படித்தான் காரணம் சொல்கிறார்கள்.

முழு அமைதியில் அது பெரிதாகக் கேட்பது இயல்பு. ஆகவே உங்களுக்கு முழு அமைதி மருந்து அல்ல. இரவில் மின்விசிறியோ, தாழ்வாக வைத்த தம்புரா ஒலியோ பின்னணியில் இருக்கட்டும். விசிலை மூழ்கடிக்கும் அளவுக்குக் கூட்ட வேண்டாம். இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவில் வைத்தால், நாளாக ஆக மூளை விசிலைப் பொருட்படுத்துவதைக் குறைத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். பெரம்பூரிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பக்கம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சில சமயம் வெறும் குரும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே பாதி சரியாகும். ஒரே காதில் மட்டும் விசில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் வந்தால் கூடுதலாகப் பார்ப்பார்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலும் சொல்லுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், காத்திருக்கக் கூடாது. விசிலை நிறுத்துகிறேன் என்று விளம்பரம் செய்யும் மாத்திரை, சொட்டு மருந்துகளில் பணத்தைப் போடாதீர்கள்.

இன்னொன்று: இரண்டு தவிலுக்குப் பக்கத்தில் நின்றேன் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பகீர் என்றது. அடுத்த பங்குனிக்குத் தேரடித் தூரத்தில் நில்லுங்கள், மல்லாரி அங்கேயும் நன்றாகக் கேட்கும்.

---

மந்தரம் எழுதியது:

அண்ணா, உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டில் சத்தமாகப் படித்தோம். டம்ளரோடு ஓடிய இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நான் மந்தைவெளியில் இருக்கிறேன். பாடகி அல்லள். மேடையில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறவள். சுவரொட்டியில் பெயர் வராது, புகைப்படத்தில் பாதி முகம் வரும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இங்கே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

காதை வேலைக்குப் போகாதே என்று அடக்காதீர்கள். அடக்கினால் அடங்காது. அதற்குச் சரியான வேலையைக் கொடுங்கள். முடிவு உள்ள வேலை. அச்சகத்தில் உங்கள் காதுக்கு வேலை முடிந்ததே இல்லை. ஒரு ‘டிக்’கைச் சரிசெய்தால் இன்னொன்று வரும். கச்சேரியிலும் அப்படித்தான், பழுதைக் கேட்கிறீர்கள், ஆனால் எழுந்து போய்த் திருகமுடியாது. கையைக் கட்டிக்கொண்டு பழுதைக் கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை சங்கடம்! தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது வேறு. பழுதைத் தேடலாம், கையால் சரிசெய்யலாம், சரியானதும் அது உங்களிடம் “சரி” என்று சொல்லும்.

எப்படி என்று விவரமாகவே எழுதுகிறேன். தம்புராவில் நான்கு தந்திகள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே ஷட்ஜம், அதாவது ‘ச’. மந்தரம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜம். முதலில் பிருடை என்கிற திருகாணியைத் திருகிச் சாரணியைச் சேர்த்துவிட்டு, அனுசாரணியை அதற்குக் கிட்டத்தட்டக் கொண்டுவருவோம். இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி நிலையாக நிற்காது. கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து அலையும். இரண்டு தந்திக்கும் நொடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசம் இருந்தால் நொடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகும். பிருடை இங்கே பெரிய கை. அதற்குமேல் நுணுக்கத்துக்குத் தந்தியில் கோத்த மணிக்காய் இருக்கிறது, தந்தியைத் தாங்கும் குதிரைக்குக் கீழே. அதை மயிரிழை தள்ளினால் போதும். அலை நீண்டு, நீண்டு, இல்லாமல் போகும். அந்தக் கணத்தில் என் தோள் தானாக இறங்கிவிடும். எத்தனையோ பேருக்கு இறங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு ஜீவா நூல். குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்துவோம். சரியான இடம் கிடைக்கும்வரை தந்தி ‘டங்’ என்று கட்டையாகப் பேசும். கிடைத்ததும் தேனீ உள்ளே புகுந்துகொண்டது போல் ரீங்காரம் கிளம்பும். உங்களைப் போன்ற காதுக்கு இந்த இடம் விருந்து.

இன்னும் இருக்கிறது. எல்லாம் சேர்ந்த பிறகு மந்தரத்தை மட்டும் மெதுவாக மீட்டிவிட்டுக் காத்திருங்கள். தந்தியில் யாரும் சேர்த்து வைக்காத காந்தாரம், அதாவது ‘க’ சுரம், மேலே எழும்பிவரும். சுயம்பு காந்தாரம் என்போம். மந்தர ஷட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு அதிர்வு அது. முதல் தடவை கேட்டபோது நான் பக்கத்தில் யாரோ பாடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இன்னும் சில நாள் திரும்பிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் சிலர் கூடிப் பாடுவோம். பாட்டுக்கு முன் சுருதி சேர்ப்பதற்கே நேரம் போகும். இளையவர்களுக்குப் பொறுமை இல்லை, கைப்பேசியில் சுருதிப் பெட்டியை வைத்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்பார்கள். நீங்கள் வந்தால் எனக்கு ஒரு துணை. முகவரியைத் தனி மடலில் அனுப்புகிறேன். 29சி மந்தைவெளி வழியாகத்தான் போகிறது, சாக்குச் சொல்ல முடியாது.

---

ஒன்றரைக் கட்டை எழுதியது:

வானொலி தொடங்கும்போது வரும் அடையாள இசையிலும் வயலினுக்குப் பின்னால் தம்புராதான் இருக்கிறது. அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்று ஐரோப்பாவிலிருந்து தஞ்சம் வந்தவர். நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

---

பெரம்பூர் அச்சுக்காரன் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. செவியியல் அம்மா, கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறேன். நான் வேலை பார்த்த அச்சகங்களில் காதுக்குப் போட எதுவும் தந்ததில்லை. பஞ்சு வைத்துக்கொண்டால் மெஷின் பேசுவது கேட்காது என்று நாங்களே எடுத்துவிடுவோம் என்பதும் உண்மை. காதை மூடிக்கொண்டு மெஷின் ஓட்டுகிறவனை எவனும் மதிக்கமாட்டான்.

மந்தரம் அம்மா, “கையைக் கட்டிக்கொண்டு பழுதைக் கேட்பது” என்றீர்கள். இத்தனை காலம் எனக்கே சொல்லத் தெரியாததைச் சொல்லிவிட்டீர்கள். அதை ஒட்டி ஒன்று தோன்றுகிறது. கச்சேரியில் எனக்குப் பழுது கேட்காத இடம் ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனம். பாடகர் கையை மடியில் வைத்துக்கொண்டு தாளம் மட்டும் போட, மிருதங்கக்காரருக்கு மேடை கிடைக்கும் நேரம். அங்கே எனக்கு ட்ரெடில் நினைவு வருகிறது. மிதி, தாள், அழுத்தம், எடு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் அதற்குள் அடக்கம். மிச்ர சாபு வந்தால் இன்னும் சந்தோஷம், மூன்றும் நான்கும் நொண்டிக்கொண்டு போகும். இதெல்லாம் நிறைந்து முடிப்பாக வரும் கோர்வை மூன்று தடவை வந்து தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழும்போது என் கால் தரையில் தானாக ஒரு மிதி மிதிக்கும்.

ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் சபையில் பாதிப்பேர் எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். எனக்கு இது புரியவே இல்லை. உட்கார்ந்திருக்கிறவர்களும் சும்மா இருப்பதில்லை. எந்தப் பாட்டுக்கு எந்த ராகம் என்று போட்டிருக்கும் சின்னப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், ராகம் கண்டுபிடிக்கும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்டுபிடித்ததும் தூங்கிப்போனார். அவருக்கும் எனக்கும் நோய் ஒன்றுதான் என்று அப்போதே நினைத்தேன். அவர் பெயரைத் தேடுகிறார், நான் பழுதைத் தேடுகிறேன்.

அந்தக் கேன்டீனில் தவலை வடை நன்றாக இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தனி முடிந்த பிறகு போனால் தீர்ந்துவிடுகிறது.

---

தெற்கு மாட வீதி எழுதியது:

ஐயாவின் அறுபத்துமூவர் அனுபவத்துக்கு என் விளக்கம்: அங்கே உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை, ரசிகன் என்ற பதவியும் இல்லை. நாகஸ்வரம் உங்களுக்காக வாசிக்கப்படவில்லை, சுவாமிக்கு வாசித்தார்கள். நீங்கள் வழியில் நின்றீர்கள். அவ்வளவுதான்.

அப்படிக் கேட்கும் இடங்களைத் தேடுங்கள். கபாலீசுவரர் கோயிலில் பூஜை வேளையில் ஓதுவார் தேவாரம் பாடுவதைக் கேளுங்கள். மயிலாப்பூருக்கென்றே சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் இருக்கிறது. பண் சீகாமரம், இன்றைய நாதநாமக்கிரியை போல் ஒலிக்கும். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இந்த ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பதிகம். நீங்கள் மோர் குடித்துக்கொண்டு நின்ற பங்குனி அதில் இருக்கிறது. ஓதுவார் பாடும்போது யாரும் கைதட்டமாட்டார்கள், யாரும் ராகம் கேட்கமாட்டார்கள். தேங்காய் உடைப்பார்கள், குழந்தை அழும், மணி அடிக்கும். அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பார்.

மார்கழி விடியலில் மாட வீதிகளில் பஜனைக் கோஷ்டி வரும். பாபநாசம் சிவன் நடத்திச் சென்ற வழக்கம் அது. பின்னால் நடந்துபோனால் போதும், பாடக்கூட வேண்டாம். பனியனோடு வராதீர்கள், குளிரும்.

---

டவுட்டன் வாசி எழுதியது:

செலவில்லாமல் உட்கார இடம் கேட்டிருந்தீர்கள். நான் கிறிஸ்தவன், ஆனால் இந்தப் பட்டியலுக்கு மதம் இல்லை.

எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், 1821இல் திறந்தது. மண் இளகல் என்பதால் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் கட்டினார்கள். வட்டக் கூடத்தின் மேல் நீல விதானம், அதில் நட்சத்திரங்கள். வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சல். உள்ளே அது வெகுவாகக் குறைந்து கேட்கும், முழுக்க மறையாது. செவியியல் சகோதரி சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வாரநாளில்தான் போவேன். ஆர்கன் வேண்டுமென்றால் ஞாயிறு ஆராதனை.

லஸ் பக்கம் ராமகிருஷ்ண மடம். மடம் 1897இல் தொடங்கியது, இப்போதுள்ள பெரிய கோயில் 2000இல் வந்தது. மாலை ஆரத்திப் பாட்டு எல்லோரும் சேர்ந்து பாடுவது. முடிந்ததும் பலர் எழுந்துபோகாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பாட்டுக்குப் பின் வரும் அந்த அமைதி, அறையில் தனியாக வலிந்து உட்காரும் அமைதியைவிட எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நாகேசுவரராவ் பூங்காவில் ஞாயிறு காலை மைக் இல்லாமல் பிள்ளைகள் பாடிக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கி உறுமலுக்கு அங்கே வழியே இல்லை. காக்கை உண்டு.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் போகலாம். உள்ளே விடும் நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். காவலாளி கண்டிப்பானவர்.

---

பெரம்பூர் அச்சுக்காரன் எழுதியது:

நண்பர்களே, சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

கீழ்ப்பாக்கத்தில் பார்த்தார்கள். குரும்பி கொஞ்சம் எடுத்தார்கள். சோதனைத் தாளில் இரண்டு காதுக்கும் கோடு 4000இல் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. வலது பக்கம் ஆழம் அதிகம். மெஷினுக்கு எந்தப் பக்கம் நின்று தாள் எடுப்பீர்கள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். தாளைக் காட்டித் தலையாட்டினார். வலது காது என்பதால் இன்னொரு சோதனையும் எழுதிக்கொடுத்திருக்கிறார், தேதி வாங்கியிருக்கிறேன்.

மந்தைவெளி மாடிக்கும் போனேன். தம்புராவை மடியில் சாய்த்துக்கொடுத்து, நடுவிரலால் முதல் தந்தி, ஆள்காட்டி விரலால் மற்றவை என்று காட்டினார்கள். பலாமரக் குடம், கனம் இல்லை, ஆனால் பிடிக்கத் தெரியாதவனுக்கு நழுவுகிறது. அனுசாரணியைச் சேர்க்கச் சொன்னார்கள். அலை எனக்கு உடனே கேட்டது. சொல்லப்போனால் அங்கிருந்த பாடகர்கள் “சேர்ந்துவிட்டது” என்று சொன்ன பிறகும் எனக்குக் கேட்டது. மணிக்காயை இன்னும் ஒரு தள்ளு தள்ளினேன். மந்தரம் அம்மா மற்றவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முதலாளி என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அலை நின்றதும் என்ன ஆயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், சரியாக வரவில்லை. தேடுவதற்கு எதுவும் மிச்சம் இல்லாத ஒரு ஒலியை நான் அதுவரை கேட்டதில்லை. விசில் இருந்தது. ரீங்காரத்துக்குள் எங்கேயோ இருந்தது, நான் போய்ப் பார்க்கவில்லை. அதன் மேல் ஒரு பெண் மோகனத்தில் ஆலாபனை எடுத்தார். ஐந்தே சுரம் என்றார்கள். முழுக்கக் கேட்டேன், எந்த இடத்திலும் எழுந்து ஓடவில்லை. மோகனத்தையே கொஞ்ச நாள் கேளுங்கள், வேறு ராகத்துக்குத் தாவ வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

காந்தாரம் கேட்கவில்லை என்பது குறை. எல்லோருக்கும் கேட்கிறது. கேட்கிறதா, கேட்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பொய் சொல்ல மனம் வரவில்லை. அது என் 4000 பள்ளத்துக்குள் விழுந்துவிட்டதா?

---

காதும் கருவியும் எழுதியது:

இல்லை ஐயா! உங்கள் காதை அதற்குக் குறை சொல்லாதீர்கள். அங்கே என்ன கட்டைக்கு, அதாவது எந்தச் சுருதி உயரத்துக்கு, சேர்த்திருந்தார்கள்? ஒரு கட்டை என்றால் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். ஐந்து மடங்கு என்றால் 330 பக்கம். உங்கள் பள்ளத்துக்கு வெகு கீழே. பெண்கள் பாடும் ஐந்தரைக் கட்டைக்குச் சேர்த்திருந்தாலும் 4000 வரை போகாது. கேட்கும் வழி திறந்துதான் இருக்கிறது.

---

மந்தரம் எழுதியது:

அன்றைக்கு ஐந்து கட்டை. அதோடு நான்கு தந்தியையும் ஓட்டிக்கொண்டே கேட்கச் சொன்னது எங்கள் அவசரம். அடுத்த சனிக்கிழமை கூட்டம் வருவதற்கு முன்னால் வாருங்கள், ஆண்கள் தம்புராவை ஒரு கட்டைக்குச் சேர்ப்போம். மந்தரத்தை மட்டும் தனியாக மீட்டுவோம். நான் முதலில் அந்தக் காந்தாரத்தைப் பாடிக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் உங்கள் காது விடாது.

---

பெரம்பூர் அச்சுக்காரன் எழுதியது:

வருகிறேன். ஜீவாவுக்கு நூல் நான் கொண்டுவரலாமா? புத்தகம் தைக்கும் பைண்டிங் நூல் வீட்டில் கண்டு கண்டாக இருக்கிறது. பருத்திதான், ஆனால் கொஞ்சம் தடிமன்.

---

மந்தரம் எழுதியது:

பருத்தி சரி. புரி பிரித்து ஓர் இழை கொண்டுவாருங்கள். மெழுகு தடவிய கண்டு வேண்டாம், அது வழுக்கும்.

---

ஒன்றரைக் கட்டை எழுதியது:

சனிக்கிழமை எத்தனை மணிக்கு?